குச்சி, சீனித்தண்ணீர், பம்பு: சுங்கை சிப்புட் வாசகிகள் கேட்கிறார்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. பெயர் போட வேண்டாம் என்று எல்லாருமே கேட்டிருக்கிறார்கள், போடவில்லை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கோயில் மண்டபத்தில் நடந்த முகாமில் நீளமான பஞ்சுக் குச்சி ஒன்றைக் கொடுத்து, கழிப்பறைக்குப் போய் நீங்களே எடுத்து வாருங்கள் என்றார்கள். மிஸ்ஸி (தாதி) எடுக்க வேண்டியதை நான் எடுத்தால் சரியாக வருமா? பயந்துபோய் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வயது 44.

சரியாக வரும். இது கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆபத்தை முன்கூட்டியே கண்டறியும் சோதனை. பயம் எங்கிருந்து வருகிறதென்றால், இதைப் பலரும் பழைய பாப் ஸ்மியரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். பாப் ஸ்மியரில் கருப்பை வாயைக் கண்ணால் பார்த்து, அந்த இடத்தையே சுரண்டி செல்களை எடுக்க வேண்டும். பிறகு ஆய்வுக்கூடத்தில் ஒருவர் உருப்பெருக்கியில் அவற்றின் வடிவத்தைப் பார்ப்பார். அதை வீட்டில் செய்ய முடியாது. இந்தக் குச்சி தேடுவது, அந்தப் புற்றுக்குக் காரணமான எச்பிவி என்ற வைரஸின் மரபணுவை. கருப்பை வாயில் வைரஸ் இருந்தால் அது யோனித் திரவத்திலும் கலந்திருக்கும். அதில் துளி கிடைத்தாலும் பிசிஆர் இயந்திரம் அதைப் பல கோடி மடங்காகப் பெருக்கிக் காட்டிவிடும். கோவிட் காலத்தில் மூக்கில் விட்ட குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் விதம் அதேதான். பிசிஆர் முறையில் பார்க்கும்போது, பெண் தானே எடுத்த மாதிரியும் டாக்டர் எடுத்த மாதிரியும் ஏறத்தாழ ஒரே அளவு துல்லியம் தருகின்றன என்று பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் உறுதியாகியிருக்கிறது. மலேசியாவில் இந்த முறையை 2018இல் மலாயா பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியாவின் விசிஎஸ் அறக்கட்டளையும் ‘ரோஸ்’ என்ற திட்டமாகத் தொடங்கின. பெண் தானே மாதிரி எடுப்பாள். முடிவு அவள் கைப்பேசிக்கு வந்துவிடும். முன்னோட்டத்தில் மட்டும் 4,000க்கு மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டார்கள்.

எடுக்கும் முறை இதுதான். மாதவிலக்கு நாளில் எடுக்க வேண்டாம். உள்ளே வைக்கும் மருந்தோ கிரீமோ போட்டிருந்தால் இரண்டு நாள் கழியட்டும். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். குழாயின் மூடியைத் திருகிக் குச்சியை வெளியே எடுக்கும்போது பஞ்சு முனை கையில், துணியில், பேசினில் எதிலும் படக் கூடாது. ஒரு காலைக் கழிப்பறைத் தொட்டியின் மேல் வைத்துக்கொண்டோ, குந்தி உட்கார்ந்தோ, குச்சியில் போட்டிருக்கும் கோடு வரை மெதுவாக உள்ளே விடுங்கள். நேர் மேலே தள்ளினால் முட்டும். இடுப்பின் பின்பக்கம் நோக்கிச் சற்றுச் சாய்த்தால் தானே போகும். உறையில் சொல்லியிருக்கும் தடவை சுற்றிவிட்டு வெளியே எடுத்து, குழாய்க்குள் வைத்து இறுக்கி மூடுங்கள். வலிக்காது. கூச்சம் இருக்கும், அது வேறு.

எங்கே தவறுகிறது? குச்சியை நுனி மட்டும் விட்டு உடனே இழுத்துவிடுவது முதல் காரணம். ஆய்வுக்கூடம் வைரஸைத் தேடுவதோடு மனித மரபணு ஒன்றையும் சேர்த்துத் தேடும். அதுவே கிடைக்காவிட்டால் ‘மாதிரி போதாது’ என்று எழுதித் திருப்பிவிடும். அதைக் கண்டு கலங்க வேண்டாம், இன்னொரு குச்சி கேளுங்கள். மூடி சரியாகத் திருகாதது, குழாயில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் தப்பாக ஒட்டப்பட்டது என்பவை மற்றக் காரணங்கள். ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரியது கைப்பேசி எண். பிரிபெய்டு சிம் காலாவதியாகிப் புது எண் மாற்றியிருப்பார்கள், அல்லது மகனின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள், அல்லது தெரியாத எண் என்றால் மோசடிக்காரர்கள் என்று எடுக்கவே மாட்டார்கள். முடிவு எந்த எண்ணிலிருந்து, எத்தனை நாளில் வரும் என்று முகாமிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு இந்தச் சோதனை. வைரஸ் இல்லையென்றால் 5 ஆண்டுக்கு ஒரு முறை போதும். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த திட்டத்தில் 35 வயதுக்குள் ஒன்று, 45க்குள் மறுபடி ஒன்று என்பதே குறைந்தபட்சம். உங்களுக்கு 44. இன்னொரு முகாம் வரும் என்று காத்திருக்காமல் பக்கத்து அரசாங்க கிளினிக்கில் கேளுங்கள். அங்கே குச்சி இல்லை, பாப் ஸ்மியர்தான் உண்டு என்றால் அதையே செய்துகொண்டு வாருங்கள்.

குச்சி சோதனையில் எனக்கு ‘எச்பிவி உண்டு’ என்று வந்திருக்கிறது. உடலுறவால் வருவது என்று படித்தேன். கல்யாணமாகி 19 வருஷம். அவரைக் கேட்டால் சண்டை, கேட்காவிட்டால் தூக்கமில்லை. இது புற்றுநோயா?

புற்றுநோய் இல்லை. முதலில் வீட்டுச் சண்டையை நிறுத்துவோம். இந்த வைரஸ் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன் உங்கள் கணவருக்குத் தொற்றியது பல வருஷம் அடங்கிக் கிடந்து இப்போது தெரிந்திருக்கலாம். உங்களுக்கே பல ஆண்டுகளுக்கு முன் வந்து, சோதனையில் பிடிபடாத அளவுக்குத் தணிந்து, இப்போது தலைதூக்கியிருக்கலாம். உடலுறவு கொண்டவர்களில் பெரும்பாலோர் வாழ்வில் ஒரு தடவையாவது இதைச் சுமந்திருப்பார்கள். ஆணுக்கு இதற்கென்று வழக்கமான பரிசோதனை கிடையாது. ஆகவே ‘நீங்களும் போய்ச் சோதித்து வாருங்கள்’ என்று அவரை விரட்டுவதில் பயன் இல்லை.

இனி உங்கள் தாளைப் பாருங்கள். ஆபத்தான எச்பிவி வகைகள் சுமார் 14. அவற்றில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே கருப்பை வாய்ப் புற்றில் 70 விழுக்காட்டுக்குக் காரணம். (இந்த இரண்டையும் 1983, 1984இல் கண்டுபிடித்த ஜெர்மானியர் ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் புற்றுக்கு எச்பிவிதான் காரணம் என்று அவர் சொன்னபோது பலர் நம்பவில்லை.) தாளில் 16 அல்லது 18 என்று போட்டிருந்தால் நேரே கொல்போஸ்கோப்பிக்கு அனுப்புவார்கள். ‘மற்ற வகை’ என்றால், கிளினிக்கில் கருப்பை வாயிலிருந்து செல் எடுத்துப் பார்ப்பார்கள். அது சுத்தமாக இருந்தால் ஒரு வருடம் கழித்து மறுபடி எச்பிவி சோதனை, செல்லில் மாற்றம் இருந்தால் கொல்போஸ்கோப்பி. எந்த வகை என்று தாளில் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள், அடுத்த அடி அதைப் பொறுத்தது.

கொல்போஸ்கோப்பி என்றதும் ஆப்பரேஷன் என்று நினைத்து ஓடிவிடுகிறவர்கள் உண்டு. பாப் ஸ்மியருக்குப் படுப்பதுபோல் படுக்க வேண்டும். டாக்டர் வெளியே இருக்கும் ஒரு பூதக்கண்ணாடி வழியாகப் பார்ப்பார். கருப்பை வாயில் அசெட்டிக் அமிலம் தடவுவார்கள். சமையலறை வினிகரில் இருப்பது அதுதான். கெட்டுப்போன செல்கள் இருக்கும் இடம் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகத் தெரியும். சந்தேகமான இடத்தில் அரிசி அளவு சதையைக் கிள்ளி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். பதினைந்து, இருபது நிமிட வேலை. இரண்டு மூன்று நாள் லேசாக ரத்தம் கசியலாம். மாற்றம் பெரிதாக இருந்தால், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து மெல்லிய மின்கம்பி வளையத்தால் சீவி எடுத்துவிடுவார்கள், பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

நேரம் இருக்கிறது என்பதும் உண்மை. பெரும்பாலான தொற்று இரண்டு ஆண்டுக்குள் தானே மறைந்துவிடுகிறது. மறையாமல் தங்கிவிட்டால்தான் தொல்லை. எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெண்ணுக்கு அது புற்றாக மாற 15 முதல் 20 ஆண்டு பிடிக்கும்; எச்ஐவி போன்ற நோயால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு 5 முதல் 10. புகைத்தால் வைரஸ் விலகுவது தாமதமாகும். ஆனால் ‘நேரம் இருக்கிறதே’ என்று ஈப்போ பைனுன் மருத்துவமனைக்குக் கொடுத்த தேதியைத் தீபாவளிக்கு அப்புறம், பள்ளி விடுமுறைக்கு அப்புறம் என்று தள்ளாதீர்கள். ஒரு நாள் சம்பளம் போகுமே என்ற கவலை நியாயமானது. சோதனைக்குப் போனதற்கான வருகைக் கடிதத்தை அங்கேயே கேட்டு வாங்கி மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) கொடுங்கள்.

இடையில் ரத்தப்போக்கு, உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் என்று ஏதாவது இருந்தால் கதை வேறு. குச்சி, தேதி எதற்கும் காத்திராமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

பள்ளியில் மகளுக்கு எச்பிவி ஊசி போடப் பாரம் வந்திருக்கிறது. பிள்ளை பிறக்காமல் போய்விடும் என்கிறார் மாமியார்.

போகாது. மலேசியப் பள்ளிகளில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு 2010 முதல் இந்த ஊசி போடப்படுகிறது. முதலில் போட்டுக்கொண்ட பிள்ளைகள் 1997இல் பிறந்தவர்கள். அவர்களில் பலர் இன்று தாய்மார்கள், உங்கள் மாமியாருக்கே தெரிந்த யாராவது இருப்பார்கள். ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, வைரஸின் வெளி ஓடு மாதிரியான புரதம் மட்டுமே. கையெழுத்துப் போடுங்கள். அன்று பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். வெறும் வயிற்றோடு பயந்து மயங்கி விழுவதுதான் பள்ளிகளில் அதிகம் நடப்பது. போட்டபின் 15 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஊசி போட்டவர்களுக்கும் 30 வயதில் குச்சி சோதனை உண்டு. அந்த 1997 பிள்ளைகளுக்கு 2027இல் 30 ஆகிறது.

நான் ஆறு மாதக் கர்ப்பிணி. சீனித்தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குடித்த பத்தாவது நிமிடம் வாந்தி. மிஸ்ஸி மறுபடி வரச் சொல்கிறார். சோறு குறைத்துவிட்டுப் போனால் நல்ல நம்பர் வருமா?

வராது, கெட்ட நம்பர்தான் வரும். சோதனைக்கு முன் மூன்று நாள் மாவுச்சத்தைக் குறைத்துப் பட்டினி கிடந்தால், உடல் இன்சுலினைச் சுறுசுறுப்பாகச் சுரக்க மறந்துவிடும். திடீரென்று 75 கிராம் குளுகோஸ் உள்ளே போனதும் ரத்தச் சர்க்கரை எகிறி, இல்லாத இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருப்பதுபோல் காட்டும். மூன்று நாளும் வழக்கம்போல் சோறு, தோசை சாப்பிடுங்கள். முந்திய இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 8 முதல் 12 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம். மைலோ கூடாது, சீனி போடாத காப்பியும் கூடாது.

கிளினிக்கில் முதலில் வெறும் வயிற்று ரத்தம். பிறகு 75 கிராம் குளுகோஸை ஏறக்குறைய 250 மில்லி நீரில் கரைத்துத் தருவார்கள். ஒரே மடக்கில் குடித்தால் குமட்டும். ஐந்து நிமிடம் வரை அவகாசம் உண்டு, சிறுகச் சிறுகக் குடியுங்கள். குளிர்ந்த நீரில் கரைத்துத் தரக் கேட்டால் இன்னும் எளிது. அடுத்த இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருங்கள். சந்தைக்குப் போய் வந்தால் நடையில் சர்க்கரை எரிந்து முடிவு பொய்யாகக் குறையும். நடுவில் வாந்தி வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அந்தச் சோதனை செல்லாது. வேறு நாளில் மறுபடி செய்ய வேண்டியதுதான்.

லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரத்தில் 7.8, இரண்டில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகால இனிப்புநீர் என்று மலேசியாவில் கணக்கு. ‘5.2 தானே, கொஞ்சம்தானே’ என்று கேட்பவர்களுக்காக ஒரு தகவல்: 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 9 நாடுகளில் 23,000க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைக் கவனித்தார்கள், பேங்காக், ஹாங்காங், சிங்கப்பூர் பெண்களும் அதில் உண்டு. தாயின் சர்க்கரை கூடக் கூடக் குழந்தை பெருத்துப் பிறப்பதும் சிசேரியனும் படிப்படியாகக் கூடின; இதற்குக் கீழே பயமில்லை என்று சொல்லத்தக்க ஒரு கோடு தெரியவில்லை. அந்த ஆய்விலிருந்து வந்த எண்தான் 5.1.

இன்னொன்று. குழந்தை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடும், எல்லாரும் மறந்துவிடுவார்கள். பிரசவமாகி 6 வாரத்தில் இதே சீனித்தண்ணீர் சோதனை மறுபடி உண்டு. கர்ப்பத்தில் இனிப்புநீர் வந்த இந்தியப் பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மிக அதிகம். பத்தியம், மருந்துக் குளியல் என்று வீட்டில் வைத்திருக்கும் காலத்தில்தான் அந்தத் தேதி வரும். முன்பே கிளினிக் புத்தகத்தில் குறித்து வாங்கி, கூட்டிப் போகும் ஆளையும் பேசி வையுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிக்கிறேன். வருஷா வருஷம் ரத்தம் எடுத்து ‘நார்மல்’ என்கிறார்கள். தலைவலியும் நகம் உடைவதும் நிற்கவில்லை. கூட வேலை செய்யும் பிள்ளை இப்போது நான்கு மாதக் கர்ப்பிணி.

‘எந்தச் சோதனையில் நார்மல்?’ என்று கேளுங்கள். மருந்து அடிப்பவர்களுக்கு வழக்கமாக எடுப்பது கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவு. பூச்சி கொல்லும் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் மருந்துகள் உடலில் ஏறினால் இது இறங்கும். களைக்கொல்லியான கிளைபோசேட்டுக்கும் குளுபோசினேட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பாராகுவாட்டுக்கும் இல்லை. நீங்கள் அடிப்பது புல் மருந்து மட்டும் என்றால், அந்த ‘நார்மல்’ உங்கள் தலைவலியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தொட்டியில் ஊற்றும் மருந்தின் லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அதைப் பார்க்காமல் அவரால் யோசிக்க முடியாது.

பூச்சி மருந்து அடிப்பவர்களுக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. கோலினெஸ்டரேஸ் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். வேலையில் சேருமுன் எடுத்த அளவு கோப்பில் இருந்தால்தான் பின்னால் குறைந்ததா என்று சொல்ல முடியும். மேலும் கர்ப்ப காலத்தில் ரத்த நீரில் உள்ள கோலினெஸ்டரேஸ் இயல்பாகவே குறையும். நான்கு மாதக் கர்ப்பிணிக்கு எண் குறைந்தால் மருந்தாலா கர்ப்பத்தாலா என்று பிரிப்பது கடினம். இந்த விவரம் பல கோப்புகளில் கவனிக்கப்படுவதில்லை. அந்தப் பெண் எண்ணுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். டாக்டர் கடிதத்தோடு வேறு வேலை கேட்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் இரசாயனப் பாதுகாப்பு விதிமுறைகளில், கர்ப்பிணியையும் பாலூட்டும் தாயையும் அந்த வேலையிலிருந்து விலக்கி வைக்க இடமுண்டு. கையுறை, பூட்ஸ், முகமூடிக்குச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பது 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது.

மருந்து பெரும்பாலும் மூக்கைவிடத் தோல் வழியாகத்தான் ஏறுகிறது. ஆண்களின் கை அளவுக்குச் செய்த கையுறை உங்களுக்குத் தொளதொளவென்று இருந்தால் மணிக்கட்டு வழியாக உள்ளே வழியும். சிறிய அளவு கேளுங்கள். தரையை நோக்கி அடிக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு மேலேயும், காற்சட்டை பூட்ஸுக்கு வெளியேயும் விழ வேண்டும். உள்ளே செருகினால் வழிவதெல்லாம் காலுக்குள் போய்த் தேங்கும். பம்பு கசிந்து இடுப்புத் துணி நனைந்தால் சாயங்காலம் வரை பொறுக்காமல் அங்கேயே கழற்றிக் கழுவுங்கள். கையுறையைக் கழற்றுமுன் கையுறையோடே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். முனை அடைத்தால் வாய் வைத்து ஊதாதீர்கள். வேலைத் துணியைப் பிள்ளைகள் துணியோடு ஊறப் போடவும் கூடாது.

தோட்டத்துப் பெண்கள் சொன்னதை யாரும் காதில் வாங்காமல் இருந்த காலத்தில், 2002இல் பெண் தொழிலாளர் உரிமைக்காக உழைக்கும் தெனாகனித்தா அமைப்பு மருந்து அடிக்கும் பெண்களைச் சந்தித்து, அவர்களின் தலைவலி, தோல் எரிச்சல், மூச்சுத் திணறலை ஆய்வாகப் பதிவுசெய்தது. நாள், மருந்தின் பெயர், என்ன செய்தது என்று மூன்று கட்டம் போட்டு ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வாருங்கள். டாக்டருக்கும் தொழிற்சங்கத்துக்கும் அது கைகொடுக்கும்.

ஒரு பல்கலைக்கழகம் மார்பகப் புற்று ஆய்வுக்கு என் ரத்தம் கேட்கிறது. எனக்கு நோய் இல்லை. எதற்கு என் ரத்தம்? விற்றுவிடுவார்களா?

நோய் உள்ளவரோடு ஒப்பிட நோயில்லாதவர் வேண்டும். நம் இரத்தமே எதற்கு என்பதற்கும் காரணம் இருக்கிறது. மரபணு ஆய்வுகள் நீண்ட காலம் ஐரோப்பிய வம்சத்தாரையே வைத்து நடந்தன. அதனால் ஓர் இந்தியப் பெண்ணுக்கு, மார்பகப் புற்றோடு தொடர்புள்ள பிஆர்சிஏ மரபணுவைச் சோதித்தால், ‘மாற்றம் இருக்கிறது, ஆனால் கெட்டதா என்று தெரியவில்லை’ என்ற பதில் கூடுதலாக வருகிறது. நம்மவர்களில் நல்ல உடம்போடு இருக்கும் பலரிடமும் அதே மாற்றம் உண்டு என்று தெரிந்தால்தான் அது தீங்கற்றது என்று ஒதுக்க முடியும். கேன்சர் ரிசர்ச் மலேசியாவும் மலாயா பல்கலைக்கழகமும் மலாய், சீன, இந்தியப் பெண்களைச் சேர்த்து ஆராய்வது இதனால்தான். பெண்களையே விட்டுவிட்ட காலமும் உண்டு: 1977இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருவுறக்கூடிய வயதுப் பெண்களை மருந்துச் சோதனையின் முதல் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்றது, 1993இல்தான் அதை விலக்கியது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடலில் மறுநாள் காலையிலும் கூடுதலாகத் தங்குகிறது என்று, மருந்து விற்பனைக்கு வந்து பல வருஷம் கழித்து 2013இல் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5ஆகக் குறைத்தார்கள்.

ஆகவே கொடுக்கலாம் என்பது எங்கள் எண்ணம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். தமிழில் விளக்கத் தாள் கேளுங்கள். அதில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை மில்லி எடுப்பார்கள், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், வேறு ஆய்வுக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புவார்களா, பெயருக்குப் பதில் எண் போடுவார்களா, மரபணுவில் ஏதாவது தெரிந்தால் உங்களிடம் சொல்வார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பல ஆய்வுகளில் ‘சொல்ல மாட்டோம்’ என்பதே பதில், தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்காது. போக்குவரத்துச் செலவு தரலாம். நீங்கள் பணம் கட்டும்படி இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்திட்ட பாரத்தின் நகலும் உங்களிடம் இருக்க வேண்டும்.

இரும்பு மாத்திரை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன், ரத்தம் ஏறவில்லை.

காலையில் தே தாரிக்கோடு விழுங்குகிறீர்களா? தேயிலையின் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். தேநீருக்கும் மாத்திரைக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விடுங்கள். எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ சேர்த்தால் நன்றாக உறிஞ்சும். பால், கால்சியம் மாத்திரையும் தள்ளியே இருக்கட்டும். அப்படியும் ஏறாவிட்டால் பெரிட்டின் (உடலில் சேமித்துள்ள இரும்பு) அளவும் தலசீமியா (பரம்பரை ரத்தக் கோளாறு) சோதனையும் கேளுங்கள். தலசீமியா மரபணுவைச் சுமப்பவருக்கு இரும்பு குறையாமலே ரத்தம் குறைவாகக் காட்டும். அவருக்கு மாத்திரையால் லாபமில்லை.

கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எனக்கும் அந்தக் குச்சி வேண்டுமா?

கர்ப்பப்பையோடு அதன் வாயையும் எடுத்திருந்து, முன்பு சோதனைகளில் கோளாறு எதுவும் வந்ததில்லை என்றால் வேண்டாம். சிலருக்கு வாயை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள்; அப்படியானால் மற்றவர்களைப் போலவே 5 ஆண்டுக்கு ஒரு முறை. எது நடந்தது என்று ஆப்பரேஷன் செய்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் கடிதத்தில் இருக்கும். அது தொலைந்துபோயிருந்தால் அடையாள அட்டையோடு போய் மருத்துவப் பதிவுப் பிரிவில் நகல் கேட்கலாம்.